யாரிட்ட முத்திரை?

(பாரிவாக்கம் படிப்பகக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாடகம் எழுதுகிறவனை அழைத்தால் நாடகத்தைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். மேடை ஏறுகிறவனை அழைத்தால் ஆளவந்தார்களின் அலங்கோலத்தைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். பாரிவாக்கத்துத் தோழர்களோ, கல்லூரியிலே கால் வைத்துப் படிப்பை முடிக்காமலே வெளியே வந்துவிட்ட என்னை அழைத்து, கணினியிலே பதிகின்ற பாதுகாப்புச் சான்றிதழைப் பற்றிப் பேசு என்கிறார்கள். பட்டச் சான்றிதழ் பெறாதவன் பாதுகாப்புச் சான்றிதழைப் பற்றிப் பேசுவதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். 'இதைச் சொல்ல உனக்கு உரிமை தந்தவர் யார்?' என்ற அந்தக் கேள்விதான், தோழர்களே, நான் பேச வந்த பொருள் முழுவதும்.

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள இந்த ஊரிலே குடியிருக்கிறார் நம் தோழர் ஒருவர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே சிறியதோர் லேத் பட்டறை அவருடையது. எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். எட்டு அடுப்பு எரிகிறது. ஓர் அலுவலகம் உதிரி பாகங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கேட்டிருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. பெயரைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்த இந்த மேடை கட்டப்படவில்லை. மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. பகல் இரண்டு மணிக்குத் தோழர் அந்த இணையதளத்தைத் திறக்கிறார். உலாவி மறுக்கிறது. 'இந்த இணைப்பு பாதுகாப்பானதன்று. உன் கடவுச்சொல்லை யாரேனும் களவாடக்கூடும்' என்று திரை முழுவதும் எச்சரிக்கை. தொலைபேசியிலே அலுவலகத்தை அழைக்கிறார்.

"ஐயா, உங்கள் தளம் திறக்க மறுக்கிறதே!"

"மின்னஞ்சலிலே ஒரு கோப்பு அனுப்புகிறோம். அதை இரண்டு முறை தட்டுங்கள். 'நம்பகமான வேர்' என்று ஒரு பெட்டி வரும், அதிலே போட்டுவிடுங்கள்."

"போட்டால் என்ன ஆகும் ஐயா?"

"எச்சரிக்கை வராது."

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! வாசலிலே நாய் குரைக்கிறது. திருடன் வந்தானா என்று பார்க்கவேண்டும் என்றால், 'நாய்க்கு வாய்ப்பூட்டுப் போடுங்கள், குரைக்காது' என்கிறார்கள். குரைக்காதுதான். அதனால் திருடன் வரமாட்டான் என்று ஆகுமா?

தோழர் என்னிடம் ஓடிவந்தார். எனக்கு என்ன தெரியும்? அவரை அழைத்துக்கொண்டு இந்தப் படிப்பகத்துக்கு வந்தேன். மாலை நேரங்களிலே இங்கே கணினி கற்றுத்தரும் பாலிடெக்னிக் மாணவி ஒருத்தி உண்டு; அன்று விடுமுறை, பகலிலேயே இருந்தாள். கோப்பைப் பார்த்தாள். "அண்ணா, இதைப் போடச் சொன்னவர்கள் யார்?" என்றாள். சொன்னோம். "சொன்னவர்கள் அவர்கள்தான் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். இருவரும் விழித்தோம். இன்று நான் உங்கள் முன் எடுத்துவைப்பவை அந்தத் தங்கை கற்றுத் தந்தவை. பிழை இருந்தால் மாணவனின் பிழை, ஆசிரியையின் பிழையன்று.

சான்றிதழ் என்றால் என்ன? பழைய புகார் நகரத்துக்கு வாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்திலே, வந்திறங்கும் பண்டங்களின் மீதும் ஏறிச் செல்லும் பண்டங்களின் மீதும் சோழனின் புலி முத்திரையைப் பொறித்தார்கள் என்று பட்டினப்பாலை காட்டுகிறது. மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே, புலியைப் பார்த்தவுடன், சுங்கச் சாவடியைக் கடந்து வந்த பண்டம் என்று அறிந்துகொள்ளலாம். இணையத்திலே இன்று நடப்பதும் அதுவே. ஒரு தளத்துக்கு நீங்கள் செல்லும்போது, 'நான்தான் அந்தத் தளம். இது என் பொதுத்திறவுகோல்' என்று அது ஒரு சீட்டை நீட்டுகிறது. அந்தச் சீட்டிலே வேறொருவருடைய கையொப்பம் இருக்கும். அவருக்கு மேலே இன்னொருவர் ஒப்பமிட்டிருப்பார். ஏறிக்கொண்டே போனால் ஓரிடத்திலே முடியும். அந்த முடிமணிக்கு 'வேர்ச் சான்றிதழ்' என்று பெயர். உலாவியின் உள்ளே அத்தகைய வேர்கள் நூற்றுக்கு மேற்பட்டவை, நாம் வாங்கும்போதே வைக்கப்பட்டிருக்கின்றன.

சரி, அந்த வேருக்குக் கையொப்பமிட்டவர் யார்? சிரிக்காதீர்கள்: அதுவே தனக்குத்தானே போட்டுக்கொண்டது! உலகத்திலே உள்ள எல்லா வேர்களும் தம் கையாலே தமக்கு முத்திரை குத்திக்கொண்டவைதாம். அப்படியானால் அம்பத்தூரிலே என் கணினியிலே நான் ஐந்து நிமிடத்திலே செய்துகொள்ளும் சான்றிதழுக்கும், அமெரிக்காவிலே பெரிய நிறுவனம் செய்யும் வேருக்கும் என்ன வேறுபாடு? கணக்கிலே வேறுபாடு இல்லை. காகிதத்திலே வேறுபாடு இல்லை. வேறுபாடு வாசலிலே இருக்கிறது. பெரிய நிறுவனத்தின் வேரை உலாவி செய்பவர்கள் தணிக்கை அறிக்கை கேட்டு, ஆண்டுதோறும் சோதித்து, தவறு கண்டால் தூக்கி எறிந்து, அதற்குப் பிறகுதான் உள்ளே வைக்கிறார்கள். நான் செய்ததை உள்ளே வைக்கவேண்டுமானால் நீங்களே, உங்கள் விரலாலே, வைக்கவேண்டும்.

இங்கேதான் ஒரு நுணுக்கம். ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் 'எச்சரிக்கையை மீறித் தொடர்கிறேன்' என்று சொல்வது ஒன்று. அது ஒரு விருந்தாளியை ஒரு நாள் திண்ணையிலே உட்காரவைப்பது போன்றது. வேர்ப் பெட்டியிலே ஒரு சான்றிதழைப் போடுவது அதுவன்று. அது ஊருக்கே ஒரு காவற்காரனை அமர்த்துவது. ஒப்பந்தப்புள்ளித் தளம் ஒன்றைத் திறப்பதற்காக நீங்கள் பதித்த வேர், நாளைக்கு உங்கள் வங்கியின் பெயரிலே ஒரு சீட்டுக்கு ஒப்பமிட்டால், உலாவி அதையும் வணங்கி வரவேற்கும். உங்கள் மின்னஞ்சலின் பெயரிலே ஒப்பமிட்டாலும் வரவேற்கும். எந்தத் தளத்துக்காகப் பதித்தோம் என்ற நினைவு வேருக்குக் கிடையாது. எல்லைக் கோடு போட்டுச் செய்திருந்தாலன்றி, அதற்கு எல்லையே கிடையாது.

இந்த ஊரின் பெயரிலே பாரி இருக்கிறான். பறம்பு மலைப் பாரிதான் இந்தப் பாரியா என்று ஆராய்ச்சியாளர்கள் வழக்காடட்டும். நான் உரிமையோடு அவனை அழைத்துக்கொள்கிறேன். மூவேந்தரும் முற்றுகையிட்டார்கள். மலை பணியவில்லை. உள்ளே தினை விளைந்தது, சுனையிலே நீர் இருந்தது. அப்பொழுது கபிலர் அந்த வேந்தர்களுக்குச் சொன்னதாகப் புறநானூற்றிலே ஒரு பாட்டு உண்டு. படையால் முடியாது, யாழை மீட்டிக்கொண்டு, பாடியும் ஆடியும் இரவலராக வாருங்கள், நாட்டையும் மலையையும் அவனே தருவான் என்பது அதன் கருத்து. ஏளனமாகச் சொன்னார் புலவர். ஆனால் பாரி வஞ்சனையாலே மாண்டான் என்றே வழிவழிக் கதை சொல்கிறது. படை உடைக்கமுடியாத மதிலை, வாசற்காரனின் கையே திறந்துவிட முடியும். உங்கள் வங்கிக்கும் உங்களுக்கும் இடையே உள்ள மறைகுறியை, உலகத்துக் கணினிகளையெல்லாம் சேர்த்து உருட்டினாலும் உடைக்க முடியாது என்கிறாள் தங்கை. ஆனால் இரண்டு முறை தட்டினால் போதும், திறந்துகொள்ளும்.

'வேர் வைத்திருப்பவர்கள் அரசாங்கத்தார், அவர்களை நம்பக்கூடாதா?' என்று கேட்பார்கள். அன்பர்களே, கற்பனை வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, சான்றளிக்கும் நிறுவனங்களுக்கெல்லாம் மேலே ஒரு கட்டுப்பாட்டாளர் இருக்கிறார். வேர் அவர் கையிலே. அவருக்குக் கீழே அன்று உரிமம் பெற்றிருந்தவற்றுள் ஒன்று, தேசியத் தகவலியல் மையம். மைய அரசின் நிறுவனம். நாடு முழுவதும் அரசுத் தளங்களை நடத்துவது. 2014ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், கூகுள் நிறுவனத்தார் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தங்கள் தளங்களின் பெயரிலே, தாங்கள் கேட்காமலே, அந்த மையத்தின் கையொப்பத்தோடு சான்றிதழ்கள் பிறந்திருக்கின்றன! மறுநாளே கட்டுப்பாட்டாளர் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களைத் திரும்பப் பெற்றார். மையத்தின் வழங்கும் முறைக்குள்ளே ஊடுருவல் நடந்துவிட்டது என்றார்கள். தவறாகப் பிறந்தவை நான்கு, மூன்று கூகுளின் பெயரில், ஒன்று யாகூவின் பெயரில் என்றார்கள். அந்த நான்கிலே சேராதவற்றையும் நாங்கள் கண்டிருக்கிறோம் என்றது கூகுள். எத்தனை என்பது வெளிச்சத்துக்கு வரவில்லை.

பிறகு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. இந்திய வேரை மைக்ரோசாப்ட் தன் பெட்டியிலே வைத்திருந்தது. ஆகவே விண்டோஸ் கணினிகளிலே அது செல்லுபடியாயிற்று. பயர்பாக்ஸ் உலாவி தனக்கென்று தனிப்பெட்டி வைத்திருந்தது, அதிலே இந்த வேர் இல்லை. அதைப் பயன்படுத்தியவர்கள் தப்பினார்கள். குரோம் உலாவி என்ன செய்தது? இந்திய வேர் ஏழே ஏழு பெயர்களுக்குக் கீழேதான் செல்லும் என்று வேலி கட்டியது. அரசுத் தளங்கள், கல்வி நிலையங்கள், ரிசர்வ் வங்கி போன்ற சில. அவ்வளவுதான் உன் அதிகாரம், அதற்கு அப்பாலே உன் புலி முத்திரை செல்லாது என்றது. கோடிக்கணக்கான மக்களின் பெயராலே ஆட்சி நடத்துகிறவர்களின் முத்திரைக்கு, கடல் கடந்த ஒரு நிறுவனம் எல்லை வகுத்தது. அது எனக்கு இனிக்கவில்லை. ஆனால் எல்லை வகுக்கும் நிலையை உண்டாக்கியவர்கள் யார் என்பதை மறந்துவிட்டுக் கோபப்படவும் என்னால் முடியவில்லை.

அன்றைக்கு குரோம் விழித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. கூகுளின் தளங்களுக்கு எந்தெந்தத் திறவுகோல்கள் உரியவை என்று அதன் உள்ளேயே குறித்துவைத்திருந்தார்கள். குறிப்பிலே இல்லாதது வந்தால் தள்ளிவிடும். 2011இலே ஆலந்து நாட்டு டிஜிநோட்டார் என்ற நிறுவனத்துக்குள்ளே ஊடுருவி, ஐந்நூறுக்கு மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்கி, ஈரானிலே மக்களின் மின்னஞ்சலை ஒற்றுக்கேட்டபோதும் அந்தக் குறிப்புதான் காட்டிக்கொடுத்தது. அந்த நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பரிலே திவாலாயிற்று. அதற்குப் பிறகு, பிறக்கும் சான்றிதழ் ஒவ்வொன்றையும் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டிலே எழுதவேண்டும் என்ற முறை வந்தது. 2018 ஏப்ரலுக்குப் பிறகு வழங்கப்பட்டவை பதிவேட்டிலே இல்லாவிட்டால் குரோம் ஏற்பதில்லை. நல்ல காவல்! ஆனால், தோழர்களே, இந்தக் காவல் எல்லாம் உலாவியோடு வந்த வேர்களுக்குத்தான். உங்கள் கையாலே நீங்கள் பதித்த வேர் வந்தால், குறிப்பையும் பார்ப்பதில்லை, பதிவேட்டையும் கேட்பதில்லை. வீட்டுக்காரரே அழைத்து வந்தவர் என்று காவற்காரன் எழுந்து வழிவிடுகிறான்.

கசக்ஸ்தானம் என்றொரு நாடு. 2019 ஜூலையிலே அங்கே தலைநகரத்து மக்களிடம், அரசு தரும் சான்றிதழை உங்கள் கருவிகளிலே பதியுங்கள் என்றார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள், எந்த நாட்டிலும் அப்படித்தானே சொல்வார்கள்! ஆராய்ச்சியாளர்கள் பார்த்தபோது, பேஸ்புக், கூகுள், ட்விட்டர் உள்ளிட்ட 37 தளங்களுக்குச் செல்லும் போக்குவரத்தை இடைமறித்துத் திறந்து பார்ப்பது தெரிந்தது. ஆகஸ்டிலே உலாவி செய்பவர்கள் அந்தச் சான்றிதழைத் தடுத்தார்கள், மக்களே பதித்திருந்தாலும் செல்லாது என்று. 2020 டிசம்பரிலே மறுபடியும் முயன்றார்கள், மறுபடியும் தடுத்தார்கள்.

இங்கே அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் சான்று காட்டவேண்டும். நான் சொல்வது வேறு. நம் நாட்டிலே ஒருவருடைய செய்தியை இடைமறிக்க வேண்டுமானால், அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இருக்கிறது. உள்துறைச் செயலாளர் மட்டத்திலே எழுத்துமூலம் ஆணை வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அந்தப் பிரிவைப் பற்றி எனக்குச் சண்டை உண்டு. ஆனாலும் ஆணை என்றால் ஒரு காகிதம், ஒரு கையெழுத்து, பின்னாலே கேள்வி கேட்க ஓரிடம். பதித்த வேருக்கு எந்தக் காகிதமும் தேவையில்லை. அதன் மறைதிறவுகோலை வைத்திருப்பவன் அதிகாரியாக இருக்கலாம். அந்த அதிகாரியின் அறையிலே கணினி பழுது பார்க்க வந்தவனாகவும் இருக்கலாம்.

வணிகர்களும் விட்டுவைக்கவில்லை. லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றிலே, விளம்பரம் நுழைப்பதற்காக, சூப்பர்பிஷ் என்ற செயலியை விற்கும்போதே வைத்துவிட்டார்கள். அது தன் வேரையும் பதித்துக்கொண்டது. அத்தனை கணினிகளிலும் ஒரே வேர், ஒரே மறைதிறவுகோல்! 2015 பிப்ரவரியிலே ஓர் ஆய்வாளர் சில மணி நேரத்திலே அதன் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து வெளியிட்டார். ஒரு பூட்டுக் கடைக்காரர், ஊரிலே உள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி செய்து கொடுத்து, அந்தச் சாவியைப் பூட்டின் மேலேயே தொங்கவிட்டதுபோல.

நம்மூரிலே இதைவிடச் சிறியதாக, ஆனால் நாள்தோறும், ஒன்று நடக்கிறது. வரிக்கணக்கு எழுதும் தம்பிமார்களுக்குத் தெரியும். மின்னொப்பமிடும் செயலி நம் கணினிக்குள்ளேயே உட்கார்ந்து உலாவியோடு பேசும். உலாவி, பாதுகாப்பற்றது என்று தடுக்கும். 'மேலும்' என்பதைத் தட்டி, 'தொடரவும்' என்பதைத் தட்டு என்பது பாடம். அதனாலே வரும் தீங்கு சிறிது. பேசுவது நம் கணினியோடுதான். ஆனால் விரல் பழகிவிடுகிறதே! மாதம் ஒருமுறை எச்சரிக்கையை மீறிப் பழகிய விரல், வங்கியின் பெயரிலே பொய்த்தளம் வரும் நாளிலே மட்டும் தயங்கி நிற்குமா?

இப்படிச் சொல்வதால், தன் கையாலே செய்த சான்றிதழே தீயது என்று யாரும் எண்ணவேண்டாம். தன் வீட்டுச் சாவியைத் தான் செய்வது குற்றமா? பட்டறையிலே பத்துக் கணினி. கணக்கு இருப்பது ஒரு கணினியிலே. அது வெளியுலகத்துக்குத் திறந்ததன்று. அங்கே ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு நீங்களே ஒரு வேர் செய்து, பத்துக் கணினியிலும் பதிந்துகொள்ளலாம். தங்கை சொன்ன எச்சரிக்கைகளை அப்படியே தருகிறேன். மறைதிறவுகோலை அந்தக் கணினியிலே வைக்காதீர்கள். பென் டிரைவிலே எடுத்துப் பீரோவிலே பூட்டுங்கள். செய்யும்போதே, நம் பட்டறைப் பெயருக்கு மேல் செல்லாது என்று எல்லை எழுதிவிடுங்கள். கணினியின் பெயரை 'மாற்றுப் பெயர்' என்ற இடத்திலே எழுதுங்கள். பழைய முறைப்படி 'பொதுப்பெயர்' என்ற இடத்திலே மட்டும் எழுதினால், 2017 முதல் குரோம் ஏற்பதில்லை. இது தெரியாமல் ஒரு நாள் முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். சிரிப்பதைப் பார்த்தால் தெரிகிறது.

ஆனால் பொதுமக்கள் வந்துபோகும் தளத்துக்கு இந்தக் கைச்சரக்கு எதற்கு? முன்பு காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்று சாக்குச் சொன்னார்கள். 2015 டிசம்பர் முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, யார் கேட்டாலும் இலவசமாக, எல்லா உலாவியும் ஏற்கும் சான்றிதழை வழங்குகிறது. இலவசமாகக் கிடைக்கும் நல்ல முத்திரையை வாங்க ஓர் அலுவலகத்துக்குச் சோம்பல். அந்தச் சோம்பலுக்காக, எட்டுக் குடும்பத்தின் சோற்றை வைத்திருக்கும் மனிதன் தன் கோட்டைக் கதவைத் திறந்துபோட வேண்டும்!

அன்றைய பகலுக்கு வருகிறேன். தோழர் அங்கே இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். மணி மூன்றே கால். தங்கை சொன்னாள்: "இந்தக் கோப்புக்குக் கைரேகை உண்டு, அண்ணா. அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணுமாக வரும். அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, அவர்களிடம் உள்ளதைப் படிக்கச் சொல்லுங்கள். நம்மிடம் உள்ளதோடு ஒத்துவந்தால், கோப்பு வழியிலே மாறவில்லை என்றாவது தெரியும்." செய்தோம். "கைரேகையா? ஆதாருக்கா?" என்றார் எதிர்முனையிலே இருந்தவர். அவரைக் குறைசொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேறு எண் கொடுத்தார். அது அடித்துக்கொண்டே இருந்தது.

மணி நான்கு. ஒப்பந்தம் போனால் இரண்டு பேரை நிறுத்தவேண்டி வரும் என்றார் தோழர். கொள்கை பேசி அவரை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. தங்கைதான் வழி கண்டாள். படிப்பகத்திலே பழைய கணினி ஒன்று, யாருடைய வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் தீண்டாதது. அதிலே பயர்பாக்சைத் திறந்து, புதிதாக ஒரு தனிப் பயனர் அறையை உண்டாக்கினாள். பயர்பாக்ஸ் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிச் சான்றிதழ்ப் பெட்டி வைத்திருக்கிறது. அந்த அறையிலே மட்டும் வேரைப் பதித்தாள், ஒப்பந்தப்புள்ளியைச் சேர்த்தாள், ஒப்புகைச் சீட்டு வந்ததும் அறையையே அழித்தாள். நாலே முக்கால். தோழரின் சொந்தக் கணினியிலே அந்தக் கோப்பு ஏறவில்லை. அந்தக் கடவுச்சொல் வழியிலே யாருக்கேனும் கிடைத்ததா என்றால், சொல்ல முடியாது. அதை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

அந்தப் பழைய கணினி எல்லாப் பட்டறைக்காரர்களுக்கும் போதாது. ஆகவே அந்த அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். தளத்துக்கு எல்லா உலாவியும் ஏற்கும் சான்றிதழை வாங்குங்கள்; வாங்கும் வரையிலே, நீங்கள் தரும் கோப்பின் கைரேகையை அச்சிட்டு அலுவலக வாசலிலே ஒட்டுங்கள்; நாளிதழ் விளம்பரத்திலே போடுங்கள்; ஏற்கெனவே பதித்தவர்களுக்கு அதை நீக்கும் வழியைத் தமிழிலே சொல்லுங்கள். இவையே கோரிக்கைகள். மேடைக்கு இடப்பக்கம் மேசையிலே விண்ணப்பம் இருக்கிறது. படித்துப் பார்த்து, ஐயம் இருந்தால் அங்கே நிற்கும் தங்கையைக் கேட்டு, அதற்குப் பிறகு கையெழுத்திடுங்கள். மடிக்கணினி கொண்டுவந்திருப்பவர்கள் வரிசையிலே நில்லுங்கள். உங்கள் வேர்ப் பெட்டியிலே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இன்றைக்கே பார்த்துவிடலாம். ஒலிபெருக்கிக்கு ஒன்பதரை வரைதான் அனுமதி.